படிவம் 16-இல் ஒரு வரி

மாத ஊதியத்தில் வருமான வரி செலுத்தும் தமிழ்நாட்டவர் அனைவருக்கும்,

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நடுவில் பணியாளர்க்கு வந்துசேரும் படிவம் 16 என்பது, ஊதியம் கைக்கு வருமுன்பே மூலத்தில் பிடித்தம் செய்யப்பட்ட வருமான வரிக்கு வேலையளிப்பவர் தரும் சான்றாகும். அரசு எந்த நலத்திட்டத்தை அறிவித்தாலும் அது அந்தப் பிடித்தத்திலிருந்து வாரி வழங்கப்படும் இலவசம் என்றும், வரி கட்டுவோர் ஒரு சாரார், அதை உண்போர் மற்றொரு சாரார் என நாடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்றும் கருதும் வழக்கம் மாத ஊதியம் பெறுவோரிடையே வேரூன்றிவிட்டது. 2022 ஜூலையில் தலைமை அமைச்சர் நரேந்திர மோடி, எள்ளும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் 'ரேவ்டி' என்னும் வடநாட்டு மிட்டாயின் பெயரால் இலவசங்களைச் சாடியபோது, அதுவரை அலுவலக உணவு இடைவேளைகளில் மட்டும் பேசப்பட்டுவந்த அக்கருத்துக்குத் தேசிய அரசியலில் ஓர் இருக்கையும் கிடைத்தது. இம்மடல் அந்த மனக்குறையைப் பொய்யென்று தள்ளுவதற்காக எழுதப்படவில்லை. குறை இருக்கும் இடம் வேறு, விரல் நீளும் இடம் வேறு என்பதைக் கணக்கைக் கொண்டு காட்டுவதற்காக எழுதப்படுகிறது.

குறையில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடு முழுவதும் 2023-24 நிதியாண்டில் வருமானக் கணக்குத் தாக்கல் செய்தோர் 8 கோடியைக் கடந்தனர் என்றாலும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டவேண்டிய வரி ஏதும் இருக்கவில்லை. 2025 நிதிநிலை அறிக்கை புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்தை வரியிலிருந்து விடுவித்ததால், உண்மையில் வரி கட்டுவோரின் வட்டம் மேலும் சுருங்கியது. கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் தம் வருவாயைத் தாமே மதிப்பிட்டுக் கூறும் வாய்ப்புடையவர்களாக இருக்க, ஊதியக்காரரின் வருவாயோ ஒரு ரூபாய்கூட மறையாமல் வருமான வரித் துறையின் கணினியில் பதிவாகிவிடுகிறது. உழைத்துப் பெற்ற ஊதியத்தின் மேலடுக்கு 30 விழுக்காட்டு வரிக்கு உள்ளாகும் நாட்டில், பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றுப் பெறும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, 2024 ஜூலைக்குப் பின், 12.5 விழுக்காடே வரி. 2019 செப்டம்பரில், விலக்குகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 22 விழுக்காடாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்படும் என்று நடுவணரசே அப்போது மதிப்பிட்டது. 2023-24 இல் தனிமனிதர் செலுத்திய வருமான வரி, நிறுவனங்கள் செலுத்திய வரியைவிட ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் மிகுந்திருந்தது என்னும் செய்தியை இதனோடு சேர்த்துப் படித்தால், சுமை எத்திசையில் நகர்ந்திருக்கிறது என்பது புலப்படும். பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் பெண்ணின் மீது அந்தச் சுமைக்கான பொறுப்பைச் சுமத்துவதற்கு இக்கணக்கில் எங்கும் இடமில்லை.

'நாங்கள் மட்டுமே வரி கட்டுகிறோம்' என்னும் கூற்று நேர்முக வரியை மட்டும் வரியென்று எண்ணுவதிலிருந்து பிறக்கிறது. வருவாயின் மீது நேரடியாக விதிக்கப்பட்டு, செலுத்துவோரே சுமக்கும் வரி நேர்முக வரி. பொருளின் விலையோடு சேர்த்து வாங்குவோரிடமிருந்து பெறப்பட்டு, விற்போர் வழியாக அரசைச் சென்றடைவது மறைமுக வரி. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2023-24 இல் அதன் மொத்த வசூல் 20 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் தன் கைப்பேசிக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும்போது அதில் 45 ரூபாய்க்கு மேல் வரியாகப் போகிறது. அவர் வாங்கும் சோப்பு 2025 செப்டம்பரில் குறைக்கப்படும் வரை 18 விழுக்காட்டு வரியைச் சுமந்திருந்தது. மாதம் 12,000 ரூபாய் ஈட்டி அதை முழுதும் செலவிட்டுவிடும் குடும்பத்தின் வருவாய் ஏறத்தாழ மொத்தமும் நுகர்வுச் சந்தையைக் கடந்தே ஆகவேண்டும். இரண்டு லட்சம் ஈட்டி அதில் பாதியைச் சேமிக்கும் குடும்பத்தின் வருவாயில் பாதிதான் அச்சந்தைக்குள் நுழைகிறது. வருவாய் குறையக் குறைய வரியின் விகிதம் கூடுகிற இத்தன்மையைப் பொருளியலார் தேய்வு வீத வரிவிதிப்பு என்பர். அரிசிக்கும் பாலுக்கும் விலக்கு அளித்து அதன் கூர்மையை மழுங்கச் செய்ய முயன்றிருக்கிறார்கள் என்பதும் உண்மையே; ஆனால் அரிசியும் பாலும் மட்டும் கொண்டு இன்று யாரும் குடும்பம் நடத்துவதில்லை. படிவம் 16 போல ஒரு சான்று சோப்புக்கும் ரீசார்ஜுக்கும் ஆண்டுதோறும் தரப்பட்டிருக்குமானால், வரி கட்டுவோர் யார் என்னும் பேச்சு வேறு விதமாக நடந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது பெரும்பாலோர் கவனத்துக்கு வராதது. வருமான வரியை விதிப்பதும் திரட்டுவதும் நடுவணரசு. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையும், 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் நடத்துவது மாநில அரசு. இரண்டு கருவூலங்களுக்கும் இடையே வாய்க்கால் போல அமைந்திருப்பது, அரசியலமைப்பின் 280-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதி ஆணையத்தின் பரிந்துரையாகும். என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதி ஆணையம், நடுவணரசின் பகிர்வுக்குரிய வரித்தொகுப்பில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கென ஒதுக்கி, அந்த 41-க்குள் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காட்டை அளித்தது. ஆகவே 2021-26 காலத்தில், நாடெங்கும் திரண்ட பகிர்வுக்குரிய வருமான வரியில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் இவ்வழியில் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு. மாநில அரசின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய தொகை, ஜிஎஸ்டியில் மாநிலத்துக்குரிய பகுதி, பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதான வரிகள், பத்திரப்பதிவின்போது பெறப்படும் முத்திரைத் தீர்வை, வாகன வரி என்னும் சொந்த வரிகளாலேயே வருகிறது. 'என் வருமான வரியில் ஓடும் பேருந்து' என்று சொல்லப்படுவது, பெருமளவுக்கு, அந்தப் பேருந்தில் ஏறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் ரீசார்ஜிலும் இருசக்கர வாகனத்தின் பெட்ரோலிலும், வருத்தத்துக்குரிய வகையில், அரசின் டாஸ்மாக் மதுக்கடையிலும் செலுத்திய வரியில் ஓடுகிறது.

மதுவைப் பற்றிய பேச்சு வந்த இடத்தில் சற்று நின்று செல்வது தகும், ஏனெனில் வரிக்கும் திட்டத்துக்கும் உள்ள உறவை இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் வரலாறு வேறில்லை. 1937 இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய ஆயத்தீர்வை அக்காலத்து மாகாணக் கருவூலத்தின் பெருந்தூண்களுள் ஒன்றாதலால், இழப்பை ஈடுகட்ட 1939 இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு தீமையை நிறுத்துவதற்கு ஒரு வரியைக் கேட்டு, அந்த வரியை வணிகர் எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றிக் காட்டிய அந்நிகழ்வின் விந்தை என்னவென்றால், பின்னாளில் மதுவிலக்கு 1971 இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்ப வந்து, பிறகு மீண்டும் கைவிடப்பட்டபோது, விற்பனை வரி மட்டும் நிலைத்துவிட்டது. மதுவருவாயும் அதன்மேல் வந்து அமர்ந்துகொண்டது. 1983 இல் தோன்றிய டாஸ்மாக், 2003 இல் சில்லறை விற்பனையையும் தன் முற்றுரிமையாக்கிக்கொண்டது. 2023-24 இல் மதுவின் மீதான ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து மாநிலத்துக்கு அளித்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25 இல் ஒதுக்கப்பட்டதோ 13,000 கோடிக்குச் சற்று மேல். கணவனின் கையிலிருந்து கடைமேடையில் வாங்கிய பணத்தின் ஒரு பகுதி மனைவியின் வங்கிக் கணக்கில் திரும்பச் செலுத்தப்படுகிறது என்று இதைச் சிலர் எள்ளுவதுண்டு. எள்ளலில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த எள்ளலைக் கேட்டுச் சிரிக்கும் ஊதியக்காரர், மது வருவாய் இல்லாமல் போனால் அந்த இடத்தை நிரப்பவேண்டிய வரி எது என்னும் கேள்வியை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கவேண்டும். இராஜாஜியிடம் அக்கேள்விக்கு ஒரு விடை இருந்தது.

திட்டங்கள் எவ்வாறு நிலைக்கின்றன, எவ்வாறு மடிகின்றன என்பதற்குப் பள்ளி உணவின் வரலாற்றைப் பார்ப்பதே போதும். நீதிக்கட்சியின் பி. தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு உணவு வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பிள்ளைகளின் வருகை கூடியதால் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அத்திட்டம், பயனற்றது என்று எவரும் நிறுவியதால் நிற்கவில்லை. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து உணவுச் செலவு செய்யலாகாது என்று அரசு மறுத்ததால் 1925 இல் நின்றது. கல்வி வேறு, சோறு வேறு என்று கணக்குப் பேரேட்டில் கிழிக்கப்பட்ட ஒரு கோடு அடுப்பை அணைத்துவிட்டது. காமராசர் ஆட்சியில் 1956 இல் அது மீண்டும் உயிர்பெற்றபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களின் நன்கொடையையும் அரசின் பங்கையும் இணைத்து நிதிக்கு வழி கண்டார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டமாக அதை விரித்துத் தொடங்கிவைத்தபோது, மாநிலத்தின் கையிருப்பை விழுங்கும் கவர்ச்சித் திட்டம் என்று அதைக் கண்டித்தவர்களுள் படித்த நடுத்தர வகுப்பினரும் உண்டு. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2001 நவம்பர் 28 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவை வழங்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை இன்று யாரும் 'ரேவ்டி' என்று சொல்லத் துணிவதில்லை. ஆனால் 1982 இன் கண்டனங்களைப் படிப்போர்க்கு, அன்றைய சொற்கள் இன்றைய பேருந்துப் பயணத்தின் மீது அப்படியே இடம்பெயர்ந்து நிற்பது தெரியும். (இலவசம் என்னும் சொல்லின் கறை அரசுக்கும் தெரிந்திருந்ததால்தான், 2011-க்குப் பின் அரசாணைகளில் 'விலையில்லா' என்னும் அடைமொழி குடிபுகுந்தது. விலையில்லா மடிக்கணினி, விலையில்லா மிதிவண்டி என்றெல்லாம் அச்சிட்டும் மக்கள் நாவில் அவை இலவசமாகவே நிலைத்தன.)

இனி, படிவம் 16-இன் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு வரியைப் பார்க்க வேண்டும். வருமான வரியைக் கணக்கிட்ட பின் அதன்மேல் 4 விழுக்காடு 'உடல்நலம் மற்றும் கல்விக்கான செஸ்' என்று ஒரு தொகை கூட்டப்பட்டிருக்கும். செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கெனத் தனியே திரட்டப்படும் வரி. சர்சார்ஜ் என்பது நோக்கம் எதுவும் குறிக்கப்படாமல், வரியின்மேல் வரியாக விதிக்கப்படுவது. இவ்விரண்டும் அரசியலமைப்பின் 270-ஆம் பிரிவின்படி பகிர்வுக்குரிய தொகுப்புக்குள் வருவதில்லை. முழுத்தொகையும் நடுவணரசிடமே தங்கும். 2004 இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தொடக்கக் கல்விக்கென 2 விழுக்காட்டுச் செஸ் விதித்தார். 2007 இல் இடைநிலை மற்றும் உயர்கல்விக்கென இன்னும் ஒரு விழுக்காடு சேர்ந்தது. 2018 இல் உடல்நலத்தையும் இணைத்து 4 ஆனது. இடைநிலை, உயர்கல்விக்கென்று ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் திரட்டிய 90,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, அதற்குரிய தனி நிதியம் நடைமுறைக்கு வராததால் பொதுத் தொகுப்பிலேயே கிடந்ததை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். பள்ளிக்கூடங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நடத்தும் செலவின் பெரும்பகுதி மாநிலங்களின் தலையில் இருக்க, அவற்றின் பெயரால் ஊதியக்காரரிடம் பெறும் வரி மட்டும் மாநிலங்களோடு பகிரப்படாத வகையைச் சேர்ந்திருப்பது எத்தகைய முறை என்பதை உங்கள் வகுப்பினர் ஒருபோதும் உரத்துக் கேட்டதில்லை. நோக்கம் குறித்துப் பெறும் வரி நமக்குப் புதிதன்று; சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஏரி ஆயம்' என்றொரு வரி காணப்படுகிறது. ஏரியைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் பெறப்பட்டது. உத்தரமேரூர் போன்ற ஊர்களில் ஏரி வாரியம் என்னும் குழுவே ஏரியின் பொறுப்பை ஏற்றிருந்தது. வரியும் ஏரியும் ஒரே ஊரில் இருந்ததால், வந்த பணம் எங்கே என்று கேட்பதற்கு எவரும் நெடுந்தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவது இதன் நோக்கமன்று. ஊர்ச்சபையில் அமர்ந்தவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதும் வரலாற்றில் பதிவாகியே இருக்கிறது.

செஸ் என்னும் கருவி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பெட்ரோல் காட்டியது. 2021 தொடக்கத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நடுவணரசு பெற்ற வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படை ஆயத்தீர்வை, அதாவது மாநிலங்களோடு பகிர வேண்டிய பகுதி, 1 ரூபாய் 40 காசு மட்டுமே. எஞ்சிய 31 ரூபாய் 50 காசும் சாலைக் கட்டமைப்புச் செஸ், வேளாண் கட்டமைப்புச் செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை என்னும் பெயர்களில் பகிர்வுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டுக்குரிய பங்கைக் கணக்கிட்டால் லிட்டருக்கு இரண்டரைக் காசுக்கும் குறைவு. மாநிலமும் தன் பங்குக்கு மதிப்புக் கூட்டு வரியை விதித்தே வந்தது என்பதையும், 2021 ஆகஸ்டில் அதை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது என்பதையும், நடுவணரசு அவ்வாண்டு நவம்பரில் 5 ரூபாயும் அடுத்த மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நடுவணரசின் மொத்த வரி வருவாயில் செஸ்ஸும் சர்சார்ஜும் 2011-12 இல் பத்தில் ஒரு பங்களவில் இருந்து, 2020-21 வாக்கில் ஐந்தில் ஒரு பங்களவை எட்டின. நிதி ஆணையம் 41 என்று எழுதிய எண்ணின் அடியிலிருந்தே நிலம் இவ்வாறு அரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பங்கோ பத்தாவது நிதி ஆணையத்தின் காலத்தில் 6.6 விழுக்காடாக இருந்து, பதினான்காவதில் 4.023-க்குத் தேய்ந்தது. வருவாய் இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தலா வருவாய் முன்னணி மாநிலத்தின் வருவாயிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்னும் அளவைக்கு, பதினைந்தாவது ஆணையம் 45 விழுக்காடு எடை தந்தது. மாநிலம் தன் வரியைத் திரட்ட எடுக்கும் முயற்சிக்கு 2.5 விழுக்காடே தந்தது. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை எதிர்ப்பது நியாயமாகாது. பீகாரின் பிள்ளைக்கும் பள்ளி வேண்டும். தொகுப்பையே சுருக்கிவிட்டு, சுருங்கியதை மாநிலங்கள் தமக்குள் அடித்துக்கொண்டு பங்கிட விடுவதுதான் எதிர்க்கத் தக்கது.

பணம் வாய்க்காலில் நிறுத்தப்படுவதற்கு அண்மைச் சான்றும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25 இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில், அதாவது அதனோடு இணைந்து வரும் புதிய கல்விக் கொள்கையில், மாநிலம் கையெழுத்திடாததால் அவ்வாண்டுக்குள் விடுவிக்கப்படவில்லை. 2025 மே மாதத்தில் மாநிலம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கொள்கையில் எந்தத் தரப்பு சரி என்பதை இங்கே ஆராய வேண்டியதில்லை. கல்விச் செஸ் பிடிக்கப்படும்போது படிவம் 16-இல் இத்தகைய நிபந்தனை எதுவும் அச்சிடப்படவில்லை என்பது மட்டும் கவனிக்கத் தக்கது.

மாநில அரசின் செலவுகள் கேள்விக்கு அப்பாற்பட்டவை என்று இதனால் கொள்ளலாகாது. உழவர்க்குக் கட்டணமில்லா மின்சாரம் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது; மின்னளவி இல்லாத இணைப்புகளின் வழியே அரை ஏக்கர்க்காரரும் ஐம்பது ஏக்கர்க்காரரும் ஒரே சலுகையைப் பெறுகின்றனர், ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டமோ இருவருக்கும் பொதுவாக இறங்குகிறது. 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநில உற்பத்தி மதிப்பில் 2006-07 இல் 8 விழுக்காட்டுக்கு மேலிருந்த சொந்த வரி வருவாய் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதைக் காட்டி, பற்றாக்குறைக்குச் செலவைவிட, திரட்டத் தவறிய வருவாயே பெரிய காரணம் என்னும் எண்ணத்தை முன்வைத்தது. அதற்கு ஒரு சான்று சென்னையின் சொத்து வரி: 1998-க்குப் பின் 2022 வரை நிலைத்த பொதுத் திருத்தமே இல்லை. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் நகரத்தின் மனை விலை எங்கே சென்றது என்பதை வீட்டுக்கடன் தவணை கட்டுவோர்க்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சொத்து வரியை உயர்த்துவதை உள்ளாட்சி மானியத்துக்குப் பதினைந்தாவது நிதி ஆணையம் முன்நிபந்தனையாக்கிய பின்னரே, 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடு தொடங்கி 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடு வரை உயர்வு வந்தது. பரப்புக்கேற்பப் படிப்படியாக உயரும் அந்த அமைப்பு நியாயமானது என்பதே இம்மடலின் கருத்து; ஆனால் அவ்வுயர்வுக்கு எழுந்த எதிர்ப்பில் இலவசங்களைச் சாடும் அதே குரல்கள் பல கேட்டன.

திட்டங்களின் பயன் யாருக்கு என்பதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. 1997 இல் நடுவணரசு ரேஷன் வழங்கலை வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அதை ஏற்காமல் அனைவருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. ஊதியக்காரர் வீட்டுக்கும் குடும்ப அட்டை உண்டு, பொங்கலுக்குக் கரும்பும் உண்டு. அதனாலேயே நியாயவிலைக் கடைக்கு எதிராக இங்கே பெரிய அரசியல் எழவில்லை. மகளிர் உரிமைத் தொகையோ வருமான வரி செலுத்துவோரை வெளியே நிறுத்தி வகுக்கப்பட்டது. நிதி நெருக்கடியில் அவ்வாறு வரம்பு கட்டியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் வருமான வரி கட்டுவோர் எவருமே பயனாளியாக இல்லாத ஒரு திட்டம், தன் எதிர்ப்பாளர்களைத் தானே நியமித்துக்கொள்கிறது. மறுபுறம், அரசுப் பள்ளியையும் அரசு மருத்துவமனையையும் விட்டு ஊதிய வகுப்பினர் தாமாகவே வெளியேறினர். வெளியேறிய பின், கட்டிய வரிக்கு என்ன கிடைத்தது என்று கேட்கின்றனர். தனியார் பள்ளிக் கட்டணம், குடிநீர் கேன், மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பொதுச் சேவை சிதைந்ததற்கு அக்குடும்பங்கள் கொடுக்கும் விலை பல வீடுகளில் வருமான வரியையே மிஞ்சிவிடும்.

ஊதியத் தாளில் வேறொரு பிடித்தமும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொழில் வரி. ஊதியக்காரரிடமிருந்து பெறப்பட்டு, டெல்லிக்கோ கோட்டைக்கோ போகாமல், மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் நேரே சென்று தெருவின் விளக்காகவும் வடிகாலாகவும் மாறக்கூடிய ஒரே நேர்முக வரி அதுவே. பழைய ஏரி ஆயத்துக்கு மிக அருகில் நிற்பதும் அதுவே. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு அதன் உச்ச வரம்பை ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று 1988 இல் நிறுத்தியது, அதன்பின் தொடவில்லை. சென்னையில் ஆறு மாத வருவாய் 75,000 ரூபாயைக் கடந்த எவரும் 1,250 ரூபாய் கட்டுகின்றனர். மாதம் 13,000 பெறும் அலுவலகக் காவலாளியும், அவர் கதவு திறந்துவிடும் ஐந்து லட்சம் பெறும் மேலாளரும் ஒரே தொகையைக் கட்டுகின்றனர். 2024 இல் மாநகராட்சி இவ்வரியைத் திருத்தியபோது கீழ்ப்படிநிலைகளை மட்டுமே உயர்த்த முடிந்தது. உச்சப் படிநிலை அசையவில்லை, அசைக்கச் சட்டம் இடந்தரவில்லை. பதினான்காவது நிதி ஆணையம் உச்ச வரம்பை 12,000 ஆக்கலாம் என்றது, பதினைந்தாவது 18,000 ஆக்கலாம் என்றது. இரண்டு பரிந்துரைகளும் அரசியலமைப்புத் திருத்தமாகவில்லை. எங்கள் வரி எங்கே போகிறது என்று கேட்கும் வகுப்பினரின் சங்கங்களிலிருந்து, கண்முன்னே செலவாகும் இந்த வரியை மேல்வருவாய்க்காரர்க்கு உயர்த்துங்கள், கீழ்ப்படியில் உள்ளவர்க்குக் குறையுங்கள், அதன் வரவு செலவை வார்டுதோறும் சுவரில் எழுதுங்கள் என்று ஒரு மனு நாடாளுமன்றத்துக்குச் செல்லுமானால், அத்தகைய மனுவில் முதல் கையெழுத்துகள் யாருடையவையாக இருக்கும் என்பதை அறியவே இம்மடல் உங்கள் முகவரிக்கு எழுதப்பட்டது.